110 கே.வி. டவர் லைன் ஓரம் வீடு வாங்கலாமா? வீட்டுக் கருவிகளின் காந்தப்புலம் பற்றியும் ஒரு சந்தேகம்

சூலூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சூலூர் பக்கம் கட்டி முடித்த தனி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலை, தண்ணீர், பள்ளிக்கூடத் தூரம் எல்லாம் ஒத்து வருகின்றன. உறுத்துவது ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தின் மேல் டவர் லைன் ஒன்று போகிறது. பின்மதிலிலிருந்து கம்பிக்கு நேர் கீழ் வரை நான் அடி வைத்து அளந்ததில் 90 அடி வந்தது. படுக்கையறைச் சுவர் மதிலிலிருந்து இன்னும் 10 அடி உள்ளே இருக்கிறது. டவரில் மாட்டியிருக்கும் அபாயப் பலகையில் 110 கே.வி. (1,10,000 வோல்ட்) என்று எழுதியிருக்கிறது. போதாததற்கு, தெரு முனையில் ஒரு டிரான்ஸ்பார்மரும் நிற்கிறது.

எங்களுக்கு 4 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மனைவி 5 மாதம் முழுகாமல் இருக்கிறார். வீட்டைப் பார்க்க உடன் வந்த என் மாமியார் கம்பியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். விற்பவரோ, இருபது ஆண்டுகளாக இந்தத் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். அன்று மொட்டை மாடியில் பத்து நிமிடம் நின்றதிலேயே தலை பாரமாக இருந்ததாக மனைவியும் சொன்னதால் எனக்கும் கலக்கம் வந்துவிட்டது.

கைபேசியில் காந்தப்புலம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு மறுநாள் தனியாகப் போனேன். மாடியில் 43 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காட்டியது. 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் போனாலே குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று ஓரிடத்தில் படித்திருந்ததால், நூறு மடங்கு கூடுதலாக இருக்கிறதே என்று கை நடுங்கிவிட்டது. ஆனால் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கேயும் 41 காட்டுகிறது. ஃபிரிட்ஜ் கதவருகே கொண்டுபோனால் இன்னும் ஏறுகிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை.

இந்த வீட்டை வாங்கலாமா, மிக்சி, மைக்ரோவேவ், இண்டக்சன் அடுப்பு போன்றவற்றிலிருந்து வருவது இதைவிடக் கூடுதலா குறைவா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். என் மாமனாருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

---

பழைய ஷிப்ட் இன்ஜினியர் எழுதியது:

முதலில் அந்த 43-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் அளந்தது டவர் லைனை அல்ல, பூமியை. கைபேசிக்குள் இருப்பது திசைகாட்டிக்காக வைத்த உணரி. அது நிலையான காந்தப்புலத்தைத்தான் சரியாகக் காட்டும். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறி வரும் மின்கம்பியின் புலத்தைப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. பூமியின் காந்தப்புலம் உலகில் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். நம் பகுதியில் அது 40-ஐ ஒட்டியது. நடு மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாலும் உங்கள் செயலி அதே எண்ணைத்தான் சொல்லும். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் காந்தப் பட்டை இருப்பதால் அங்கே ஏறியது. நீங்கள் படித்த 0.4 என்பது மாறுதிசைப் புலத்துக்கான எண். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. மூன்று அச்சிலும் சேர்த்து அளக்கும் காஸ்மீட்டராகப் பார்த்து இரவல் வாங்குங்கள். அதில் மில்லிகாஸ் என்று காட்டினால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் மக்கள் எல்லாரும் தடுமாறும் இடம். வோல்ட் மின்புலத்தைத் தருகிறது. ஆம்பியர் காந்தப்புலத்தைத் தருகிறது. மின்புலத்தைச் சுவரும் மரமும் கூரையும் பெருமளவு தடுத்துவிடும். 400 கே.வி. லைனுக்கு அடியில் இரவில் ஒரு டியூப்லைட்டை வெறுங்கையில் பிடித்து நின்றால் அது மங்கலாக எரிவது மின்புலத்தால்தான். அதே டியூப்லைட்டை ஒரு கான்கிரீட் அறைக்குள் கொண்டுபோனால் எரியாது. காந்தப்புலம் செங்கல்லையும் கான்கிரீட்டையும் பொருட்படுத்தாமல் கடந்து போகும். குழந்தைகள் பற்றிய கவலை எல்லாம் இந்தக் காந்தப்புலத்தைப் பற்றியதுதான் என்பதால், பலகையில் எழுதியிருக்கும் 110 கே.வி.யை விட, கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல். அந்த லைன் புறப்படும் துணைமின் நிலையத்தில் மணிக்கு ஒருமுறை ஆம்பியரைப் பதிவேட்டில் எழுதுவார்கள். நானே பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். ஒற்றைக் கம்பி என்றால் ஆம்பியரை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் மைக்ரோடெஸ்லா கிடைக்கும். ஆனால் டவர் லைனில் மூன்று பேஸ் கம்பிகள் ஒன்றின் புலத்தை மற்றொன்று பெரும்பகுதி அழித்துக்கொள்வதால், தூரம் இரட்டித்தால் புலம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஒரு சர்க்யூட்டில், அதாவது அந்த மூன்று கம்பிகள் கொண்ட ஒரு தொகுதியில், 200 ஆம்பியர் ஓடுகிறது, கம்பிகளுக்கு இடையே 4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், கம்பியிலிருந்து 10 மீட்டரில் சுமார் 2.8 மைக்ரோடெஸ்லா, 20 மீட்டரில் 0.7, 30 மீட்டரில் 0.3, 40 மீட்டரில் 0.2-க்கும் கீழே என்று வரும். உங்கள் படுக்கையறை இருப்பது ஏறக்குறைய 30 மீட்டரில். 200 ஆம்பியர் என்பது நல்ல சுமை. நாள் முழுதும் அது நிற்காது, சராசரி அதற்குக் கீழேதான் இருக்கும். டவரின் இரு பக்கமும் கம்பி இருந்தால் அது இரட்டைச் சர்க்யூட். அதில் பேஸ் வரிசையை ஒரு பக்கம் மேலிருந்து கீழாகவும் மறுபக்கம் கீழிருந்து மேலாகவும் கட்டியிருந்தால் புலம் இன்னும் வேகமாக விழும். இரு பக்கமும் ஒரே வரிசை என்றால் கூடும்.

டிரான்ஸ்பார்மரையும் சொல்லிவிடுகிறேன். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் 11 கே.வி. பக்கத்தில் முழுச் சுமையிலும் 5 ஆம்பியர்தான் ஓடும். தாழ்வழுத்தப் பக்கத்தில் 133 ஆம்பியர். அபாயப் பலகை மேலே உள்ள கம்பிக்கு, காந்தப்புலம் கீழே இறங்கும் கேபிளுக்கு. ஆனாலும் தெருமுனையில் நிற்பது உங்கள் படுக்கையறையை எட்டாது.

---

குழந்தைநல மருத்துவர் எழுதியது:

இன்ஜினியர் ஐயா சொன்ன வோல்ட், ஆம்பியர் வேறுபாட்டிலிருந்தே இந்த ஆராய்ச்சியின் வரலாறும் தொடங்குகிறது. அமெரிக்காவில் டென்வர் நகரில் நான்சி வெர்ட்ஹைமர் என்ற பெண், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீட்டு முகவரிகளைத் தேடித் தெருத் தெருவாகப் போனபோது, அந்த வீடுகளுக்கு அருகே டிரான்ஸ்பார்மர்களும் அவற்றிலிருந்து புறப்படும் தடித்த கம்பிகளும் அடிக்கடி கண்ணில் படுவதைக் கவனித்தார். எட் லீப்பர் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து 1979-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர்கள் புலத்தை அளக்கவில்லை. கம்பியின் தடிமனையும் தூரத்தையும் வைத்து மின்னோட்டத்தை ஊகித்தார்கள். எனவே வானளாவிய டவர்களைவிடத் தெருக் கம்பிகளே அந்தக் கட்டுரையின் நாயகர்கள்.

அதன் பிறகு பல நாடுகளில் வீட்டுக்குள் அளந்தும் கணக்கிட்டும் ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் 9 ஆய்வுகளின் தரவுகளை அன்டர்ஸ் ஆல்போம் குழுவினர் 2000-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்தான் நீங்கள் படித்த 0.4 வருகிறது. அதை முழுமையாகப் படித்தால் படம் மாறும். இரத்தப் புற்றுநோய் வந்த 3,247 குழந்தைகளையும் வராத 10,400 குழந்தைகளையும் அதில் ஒப்பிட்டார்கள். 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே இருந்த வீடுகளில் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. அதற்கு மேல் இருந்தவர்கள் நோயுற்றோரில் 44 பேர், நோயற்றோரில் 62 பேர் மட்டுமே. இரட்டிப்பு என்ற சொல் முழுக்க இந்தச் சிறு எண்ணிக்கையின் தோளில் நிற்கிறது. தற்செயலாக வந்திருக்கும் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆய்வில் பங்கேற்க இசைந்த குடும்பங்களும் இசையாத குடும்பங்களும் வேறுபட்டிருப்பதால் வந்த பிழையாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் நீக்க முடியாது.

இரட்டிப்பு என்பதும் எதன் இரட்டிப்பு என்று கேட்க வேண்டும். இத்தகைய ஆய்வுகள் நடந்த நாடுகளில் ஓர் ஆண்டில் 1 லட்சம் குழந்தைகளில் சுமார் 4 பேருக்கு இந்த நோய் வருகிறது. அது மெய்யாகவே இரட்டித்தாலும் 8 ஆகும். பெற்றவர்களுக்கு அந்த 4 சிறிய எண் அல்ல என்பதை என் புறநோயாளிப் பிரிவில் தினமும் பார்க்கிறேன். ஆனால் வீடு வாங்கும் முடிவை எடுக்கும்போது அளவு தெரிந்திருப்பது நல்லது.

2002-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தக் காந்தப்புலத்தை 2பி என்ற பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வாய்ப்பை விலக்க முடியாதவற்றின் பட்டியலில் வைத்தது. அது ஆபத்தின் அளவைச் சொல்லும் தரவரிசை அல்ல. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்வது. உலக நலவாழ்வு நிறுவனம் 2007-இல் எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து, காரணம் இதுதான் என்று சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை, ஆனால் கவலையைக் கைவிடும் அளவுக்கு மெலிந்ததாகவும் இல்லை என்றது. கூடவே, காரணம் இதுதான் என்றே வைத்துக்கொண்டாலும் உலகில் ஓர் ஆண்டில் 100 முதல் 2,400 குழந்தைகளின் நோய்க்கு இது பொறுப்பாகலாம் என்றும் கணக்கிட்டது. விலங்குச் சோதனைகளிலும் செல் சோதனைகளிலும் இத்தனை சிறிய புலம் எப்படி நோயை உண்டாக்கும் என்பதற்கு வழி எதுவும் புலப்படவில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவை பிரிட்டனின் இரண்டு ஆய்வுகள். 2005-இல் ஜெரால்ட் டிரேப்பர் குழுவினர், பிறந்தபோது டவர் லைனிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் 1.69 மடங்கு என்றும், 200 முதல் 600 மீட்டருக்குள் 1.23 மடங்கு என்றும் கண்டார்கள். இன்ஜினியர் ஐயாவின் கணக்குப்படி 200 மீட்டருக்கு அப்பால் லைனின் புலம் வீட்டு ஒயரிங்கின் புலத்தைவிடச் சிறிது. அங்கேயும் ஆபத்து கூடுகிறது என்றால் புலம் அல்லாத வேறு ஏதோ இருக்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. 2014-இல் அதே ஆய்வை 2008 வரையிலான தரவுகளோடு நீட்டித்தபோது, 1960-களிலும் 70-களிலும் தெரிந்த கூடுதல் 1980-களுக்குப் பிறகு பிறந்தவர்களிடம் காணாமலே போயிருந்தது. லைன்கள் அப்படியே நிற்கின்றன, அவற்றில் ஓடும் மின்சாரம் கூடியிருக்கிறது, நோயின் கூடுதல் மட்டும் மறைந்திருக்கிறது. லைன் ஓரத்தில் எப்படிப்பட்ட குடும்பங்கள் குடியிருந்தன என்பதே காலப்போக்கில் மாறியிருக்கும் என்று எண்ண இடம் இருக்கிறது.

கர்ப்பத்தைப் பொறுத்தவரை, தாயின் மீது படும் புலத்துக்கும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. கருச்சிதைவு பற்றிய சான்று போதுமானதல்ல என்பதே 2007-ஆம் ஆண்டு மதிப்பீடு. உங்கள் மனைவியின் தலைபாரத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். புலம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் மறைத்து வைத்து நடத்திய 31 சோதனைகளை 2005-இல் தொகுத்தார்கள். தங்களுக்கு மின்காந்தப் புலம் ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 725 பேர் அவற்றில் பங்கேற்றார்கள். அவர்களால் புலம் இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் பிரித்துச் சொல்ல முடியும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. வலி உண்மை, காரணம் வேறு. ஐந்தாம் மாதத்தில் வெயில் நேரத்தில் மொட்டை மாடியில் நின்றால் யாருக்கும் தலை பாரமாகும். இரும்புச்சத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

ஒயர்மேன் எழுதியது:

பெரியவர்கள் சொன்னதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன். டவர் லைனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தம் வீட்டு ஒயரிங்கைப் பார்ப்பதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாடி வீட்டுக்காரர் காஸ்மீட்டர் வாங்கி வந்து, கூடத்தில் எங்கே வைத்தாலும் அரை மைக்ரோடெஸ்லாவுக்குக் குறையாமல் காட்டுகிறது, கருவிகளை எல்லாம் நிறுத்தினாலும் போகவில்லை என்று என்னை அழைத்தார். பக்கத்தில் எந்த லைனும் இல்லை. நான் மெயின் போர்டைத் திறந்து, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒன்றாகக் கிளாம்ப் மீட்டரின் (ஒயரைக் கவ்வி அதில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கருவி) வாய்க்குள் விட்டேன். ஒழுங்கான வீட்டில் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கும். ஒன்றை ஒன்று அழித்துச் சுழி காட்ட வேண்டும். அங்கே 3 ஆம்பியருக்கு மேல் நின்றது. அதாவது போன மின்சாரத்தில் 3 ஆம்பியர் வந்த வழியே திரும்பாமல் வேறு வழி பிடித்திருக்கிறது. அப்படிப் பிரிந்து ஓடும் 3 ஆம்பியர் ஒரு மீட்டர் தள்ளி 0.6 மைக்ரோடெஸ்லா தரும் என்பதை மேலே ஐயா சொன்ன வாய்ப்பாட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். உங்கள் டவர் லைன் 30 மீட்டரில் தருவதைவிட அது இரண்டு மடங்கு.

தேடிப் பார்த்ததில் பின்கட்டில் ஒரு பிளக் பாயிண்டில் நியூட்ரல் ஒயர் அறுந்தபோது யாரோ அதற்குப் பதில் எர்த் ஒயரை நியூட்ரலோடு முறுக்கி விட்டிருந்தார்கள். மின்கசிவு வந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால் அன்றே விழுந்திருக்கும். விழுந்து விழுந்து தொல்லை தருகிறது என்று அதையும் கழற்றி நேரடியாக இணைத்திருந்தார்கள். கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும் என்று அந்த வீட்டு அம்மா அப்போதுதான் சொன்னார். காந்தப்புலத்தைத் தேடப் போய் உயிர் போகக்கூடிய கோளாறு ஒன்று அகப்பட்டது. ஈரக் கையோடு மாவு தள்ளும் இடம் அது.

இன்னொன்று, மாடிப்படி விளக்குக்குப் போடும் இருவழி சுவிட்ச். கீழ்த்தளத்திலிருந்து பேஸும் மேல்தளத்திலிருந்து நியூட்ரலும் எடுத்துக் குறுக்கே முடிந்துவிடுவார்கள். விளக்கு எரியும், ஆனால் இரண்டு ஒயருக்கும் நடுவே வீடே ஒரு பெரிய வளையமாகிவிடும். போகும் ஒயரும் வரும் ஒயரும் ஒரே பைப்பில் ஒட்டிப் போனால் இந்தத் தொல்லை கிடையாது. புது வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு கிளாம்ப் மீட்டரோடு ஆளை அழைத்துப் போங்கள். பத்து நிமிட வேலை.

---

பழைய ஷிப்ட் இன்ஜினியர் எழுதியது:

ஒயர்மேன் தம்பி சொன்னதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் எடுத்துக்காட்டும் பட்டியலில், தலைமுடி உலர்த்தி 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2,000 மைக்ரோடெஸ்லா வரை, 30 சென்டிமீட்டரில் 0.01 முதல் 7 வரை, ஒரு மீட்டரில் 0.03-க்கு மிகாமல் இருக்கிறது. மைக்ரோவேவ் 3 சென்டிமீட்டரில் 73 முதல் 200, 30 சென்டிமீட்டரில் 4 முதல் 8, ஒரு மீட்டரில் 0.25 முதல் 0.6. வேடிக்கை என்னவென்றால், அத்தனை மின்சாரம் தின்னும் இஸ்திரிப் பெட்டி 30 சென்டிமீட்டரில் 0.3-க்கு மேல் போகவில்லை, சின்னஞ்சிறு ஷேவர் 9 வரை போகிறது. வாட் கணக்கு இதில் செல்லாது. மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் கம்பிச்சுருள்கள் என்பதால்தான் புலம். சுருளின் புலம் தூரத்தின் முப்படிக்கு விழும். 10 சென்டிமீட்டரிலிருந்து 30-க்குத் தள்ளி நின்றால் 27-இல் ஒரு பங்கு. மிக்சி ஓடும் இரண்டு நிமிடத்தை விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் தலை வைத்துப் படுக்கும் இடத்தைப் பாருங்கள். சுவருக்கு மறுபுறம் இன்வெர்ட்டரோ மீட்டர் போர்டோ ஃபிரிட்ஜின் கம்பிரசரோ இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சுவர் இதைத் தடுக்காது.

மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருக்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை வேறு சங்கதி. அதற்கு 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்று அமெரிக்கா கசிவு வரம்பு வைத்திருக்கிறது. கதவு சரியாகப் பொருந்தி, தாழும் கீலும் நன்றாக இருந்தால் போதும். கைபேசிக் கோபுரமும் வேறு அலைவரிசை. அதை இங்கே இழுத்தால் பேச்சு திசை மாறிவிடும்.

மாமனார் இண்டக்சன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கட்டும். குனிந்து கிளறுவதைத் தவிர்க்க வேண்டும். சுருளை முழுதும் மூடும் அகலமான பாத்திரத்தை நடுவில் வைத்தால் வெளியே சிந்தும் புலம் குறையும். பேஸ்மேக்கர் அட்டையில் உள்ள மாடல் எண்ணோடு அவருடைய இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

லைன் ஓரத்துக்காரி எழுதியது:

நான் பதினோரு ஆண்டுகளாக 230 கே.வி. லைனுக்கு 60 அடி தள்ளிக் குடியிருப்பவள். மேலே எழுதியவர்கள் எல்லாம் எண்களோடு பேசுகிறார்கள். நான் அனுபவத்தோடு பேசுகிறேன். தூறல் விழுந்தால் போதும், கம்பிகள் தேனீக்கூடு போல இரைய ஆரம்பித்துவிடும். ஐப்பசி முழுதும் சன்னலைத் திறந்து தூங்க முடியாது. லைனுக்கு இணையாகக் கட்டிய துணிக் கொடிக் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். இதற்கும் காந்தப்புலத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்வீர்கள். இருக்கட்டும், ஆனால் குடியிருப்பவருக்கு இவையும் கணக்குத்தான். கடன் கேட்டுப் போனபோது, லைனைக் காரணம் காட்டி ஒரு வங்கியில் வீட்டின் மதிப்பைக் குறைத்துப் போட்டார்கள். அடுத்து விற்கும்போது உங்களுக்கும் அதே கதை நடக்கலாம்.

என் ஆட்சேபம் வேறு ஒன்று. யாரைக் கேட்டாலும் பன்னாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா, நீங்கள் அதில் நூற்றில் ஒரு பங்கில்கூட இல்லை என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த 2010-ஆம் ஆண்டு வரம்பு நரம்பும் கண்ணின் விழித்திரையும் உடனடியாகத் தூண்டப்படுவதைத் தடுக்க வைத்தது. நீண்ட காலக் கவலைக்கு அது பதில் அல்ல. சான்று போதாது என்று அதை வரம்புக்குள் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதனால்தான் சில நாடுகள் தனியாக முடிவெடுத்தன. நெதர்லாந்து 2005-இல், ஆண்டுச் சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும் பட்டையில் குழந்தைகள் நெடுநேரம் தங்கும் புதிய கட்டடங்கள் வேண்டாம் என்று உள்ளாட்சிகளுக்கு அறிவுறுத்தியது. இத்தாலி 2003-இல் புதிய லைன்களுக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் 3 மைக்ரோடெஸ்லாவை இலக்காக வைத்தது. சுவிட்சர்லாந்தில் புதிய நிறுவல்களுக்கு 1. இவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா?

---

பழைய ஷிப்ட் இன்ஜினியர் எழுதியது:

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 200 என்ற எண்ணைக் காட்டி வாயை அடைப்பது எனக்கும் பிடிக்காது. பணியில் இருந்தபோது நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெதர்லாந்தின் அந்தப் பட்டை புதிதாகக் கட்டுவதற்கானது. இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. உலக நலவாழ்வு நிறுவனமும், பெரிய செலவில்லாமல் புலத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், காரணமில்லாமல் வரம்பைக் கீழே இழுக்காதீர்கள் என்றுதான் சொன்னது. பேஸ் வரிசையை மாற்றிக் கட்டுவது அப்படிப்பட்ட ஒரு வழி. புது லைன் போடும்போதே செய்தால் செலவு பெரிதாக இராது.

கொடிக் கம்பியில் இழுப்பது மின்புலத்தால் தூண்டப்படும் மின்னேற்றம். கம்பியை லைனுக்குக் குறுக்காகக் கட்டுங்கள், இல்லையென்றால் நைலான் கயிற்றுக்கு மாறுங்கள். தகரக் கூரையும் கம்பி வேலியும் இருந்தால் அவற்றை எர்த் செய்யுங்கள்.

சூலூர்வாசிக்கு ஒன்று. 110 கே.வி. லைனுக்காக ஒதுக்கும் வழித்தடத்தின் அகலம் 22 மீட்டர், அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 11 மீட்டர். விதிப்படி கட்டடத்துக்கும் கம்பிக்கும் பக்கவாட்டில் 2.9 மீட்டரும் மேலே 4.6 மீட்டரும் விட வேண்டும். அதுவும் வெயிலில் கம்பி தொய்ந்து, காற்றில் வீசி ஆடும் நிலையில். இவை மின்சாரம் தாவாமல் இருப்பதற்கான தூரங்கள், காந்தப்புலத்துக்கானவை அல்ல. உங்கள் மனை இதற்கெல்லாம் வெளியே நன்றாகவே இருக்கிறது. ஆனால் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் பட்டம் விடவோ, போர்வெல் பைப்பை நிமிர்த்தவோ, முருங்கைக்காய் பறிக்க அலுமினியத் துரட்டியை நீட்டவோ யாரையும் விடாதீர்கள். லைன் ஓரத்தில் மனிதர் செத்ததை நான் பார்த்ததெல்லாம் இந்த வகையில்தான்.

---

சூலூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் மூலம் மூன்று அச்சு மீட்டர் ஒன்று இரண்டு நாளைக்குக் கிடைத்தது. புது வீட்டின் பின்படுக்கையறையில் மதியம் 0.11, இரவு எட்டு மணிக்கு 0.17 காட்டியது. முன்னறையில் 0.05-ஐத் தாண்டவில்லை. பின்மதில் ஓரம் 0.2-ஐ ஒட்டி நின்றது. டிரான்ஸ்பார்மரின் சுவடே வீட்டுக்குள் தெரியவில்லை. ஒயர்மேன் சொன்னபடி கிளாம்ப் மீட்டரும் வைத்துப் பார்த்தோம், சுழிதான். ஆனால் அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை, விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசப் போகிறேன்.

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் இப்போதைய வாடகை வீட்டிலும் ஓர் அறை விடாமல் வைத்துப் பார்த்தேன். மகள் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் 0.9 வந்தது. மீட்டர் பழுதோ என்று மூன்று முறை அளந்தேன். அந்தச் சுவரின் மறுபக்கம் மாடிப்படிக்கு அடியில், நான்கு குடித்தனத்துக்குமான மீட்டர் போர்டும் என்னுடைய இன்வெர்ட்டரும் இருக்கின்றன. மூன்று வருடமாக அங்கேதான் படுத்திருக்கிறாள். கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டு மறுபடி அளந்ததில் 0.06 ஆயிற்று. டாக்டர் சொன்ன 44, 62 கணக்கை நினைத்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாமியாரிடம் இரண்டு எண்களையும் காட்டினேன். வெகுநேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறையைச் சாமான் அறையாக வைத்துக்கொண்டு பிள்ளைகளை முன்னறையில் படுக்க வைப்பதானால் சம்மதம், ஆனால் ஆடி கழியட்டும், ஆவணியில் முன்பணம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.